மெக்டவல் கவுண்டி: ஒரு லட்சம் பேர் இருந்த மலையில் இன்று பத்தொன்பதாயிரம் பேர்

கேள்வி இது: "அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) காலியாகின்றன என்று பேச்சு வரும்போதெல்லாம் மேற்கு வெர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியைச் சொல்கிறார்கள். அதன் நில அமைப்பு, வரலாறு, மக்கள்தொகை பற்றி விளக்க முடியுமா? மலைக்குள் ஒதுங்கிக் கிடப்பதால்தான் அங்கே இவ்வளவு ஏழ்மையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மலை ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் இல்லை. இதே மலையும் இதே ஓடைகளும் இருந்தபோதுதான் 1950 கணக்கெடுப்பில் அங்கே 98,887 பேர் வாழ்ந்தார்கள். 2020இல் அந்த எண்ணிக்கை 19,111. எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. மலை அப்படியே இருக்கும்போது மக்கள் மட்டும் போனார்கள் என்றால், அந்த மலை யாருக்குச் சொந்தம், அதிலிருந்து எடுத்த பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். இந்தக் கவுண்டியைப் பற்றி நான் படித்தவை எல்லாம் கடைசியில் என்னை அந்தக் கேள்வியில்தான் கொண்டுவந்து நிறுத்தின.

மேற்கு வெர்ஜீனியாவின் வரைபடத்தில் தெற்கே கடைசியாக இருப்பது மெக்டவல். பரப்பு சுமார் 535 சதுர மைல், அதாவது 1,386 சதுர கிலோமீட்டர். தெற்கிலும் மேற்கிலும் வெர்ஜீனியா மாநிலம். கிழக்கே மெர்சர் கவுண்டி. வடக்கே வயோமிங், மிங்கோ கவுண்டிகள். தலைநகர் வெல்ச். எல்க்ஹார்ன் ஓடை டக் ஃபோர்க் ஆற்றில் கலக்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். டக் ஃபோர்க் பிறப்பதும் இந்தக் கவுண்டியில்தான். அது வடமேற்காக ஓடி பிக் சாண்டி வழியாக ஒஹாயோ ஆற்றைச் சேர்கிறது.

அப்பலாச்சிய மலைத்தொடரைச் சேர்ந்த பீடபூமி இது. பாறை அடுக்குகள் ஏறக்குறைய கிடைமட்டமாகப் படிந்திருக்க, ஓடைகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அவற்றை அறுத்து அறுத்து ஆழமான, குறுகலான பள்ளத்தாக்குகளை உண்டாக்கிவிட்டன. சமதளம் என்று சொல்ல ஓடைக்கரையில் ஒரு சின்னத் துண்டு இருக்கும், அவ்வளவுதான். அந்தத் துண்டிலேயே ஓடை, ரயில் பாதை, சாலை, ஒரு வரிசை வீடு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பெரிய அளவில் விவசாயம் பண்ண இடமே கிடையாது. ஆனால் பள்ளத்தாக்கு இப்படி அறுபட்டதால் ஒன்று நடந்தது: மலைச் சரிவில் நிலக்கரி அடுக்குகள் வெளியே தெரிந்தன. பல இடங்களில் ஆழமாகக் கிணறு தோண்டாமல், சரிவில் நேராக ஒரு குகை வெட்டியே உள்ளே போய் கரியை எடுத்துவிடலாம்.

1858இல் வெர்ஜீனியாவின் டேஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்து மெக்டவலை உருவாக்கினார்கள். வெர்ஜீனியாவின் ஆளுநராக இருந்த ஜேம்ஸ் மெக்டவலின் பெயரை வைத்தார்கள். உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863இல் மேற்கு வெர்ஜீனியா தனி மாநிலமானபோது இதுவும் அதோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வெகு காலம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1880 கணக்கெடுப்பில் மொத்தமே 3,074 பேர்தான். காட்டில் வேட்டை, சரிவில் கொஞ்சம் சோளம், அப்புறம் மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிடுவது. இந்த 3,074 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "பழங்கால மலைச் சமூகம் அழிகிறது" என்று இந்தக் கவுண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை. பின்னால் வாழ்ந்த ஒரு லட்சம் பேரில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வேலைக்காக அழைத்து வரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

அவர்களை அழைத்து வந்தது போக்கஹோன்டாஸ் நிலக்கரி. கந்தகம் குறைவு, புகை குறைவு, வெப்பம் அதிகம். இரும்பு உருக்குவதற்கான கோக் என்ற சுட்ட கரியைத் தயாரிக்க இதைவிடச் சிறந்த கரி கிடைப்பது அரிது. கப்பல்கள் நிலக்கரியில் ஓடிய காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் இதை விரும்பி வாங்கியது. 1873இல் ஐசையா வெல்ச் என்பவர் இந்தப் பகுதியில் நிலக்கரி ஆய்வு நடத்தினார். தலைநகருக்கு அவர் பெயர்தான். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1880களின் கடைசியில் மலையைக் குடைந்து எல்க்ஹார்ன் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. 1892இல் அந்தப் பாதை ஒஹாயோ வரை எட்டிவிட்டது.

அதற்குப் பிறகு கணக்கெடுப்பு எண்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1890இல் 7,300. 1900இல் 18,747. 1910இல் 47,856. 1930இல் 90,479. அமெரிக்காவில் மிக அதிக நிலக்கரி எடுக்கும் கவுண்டி என்ற பெயர் பல ஆண்டுகள் மெக்டவலிடம்தான் இருந்தது. எல்க்ஹார்ன் ஓடைக்கரை நெடுகிலும் கோக் சூளைகள் இரவு பகலாக எரிந்தன. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தன் உலைகளுக்குக் கரி எடுக்க 1902 வாக்கில் ஒரு நகரத்தையே கட்டி, தன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரை அதற்கு வைத்தது. வீடு, கடை, பள்ளி, மருத்துவர், தேவாலயம், தண்ணீர்க் குழாய் எல்லாமே கம்பெனி தந்தவை. பல முகாம்களில் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கம்பெனியே அச்சடித்த காசாகக் கொடுத்தார்கள். கம்பெனிக் கடையில்தான் அது செல்லும். வேலை போனால் வீடும் போய்விடும்.

சுரங்கம் தொடங்குவதற்கு முன்பே நிலத்தை வாங்கிவிட்டார்கள். கிழக்கு நகரங்களின் முதலீட்டாளர்களும் ரயில்வேயோடு சேர்ந்த நில நிறுவனங்களும் 1880களிலேயே ஏராளமான ஏக்கர்களைக் கைப்பற்றின. பல இடங்களில் மேலே உள்ள நிலம் ஒருவருக்கு, கீழே உள்ள கனிமம் வேறொருவருக்கு என்று பத்திரம் எழுதிக்கொண்டார்கள். கரி வெட்டிய கம்பெனிகளே கூடப் பல நேரம் குத்தகைக்காரர்கள்தான். டன்னுக்கு இவ்வளவு என்று நில உரிமையாளருக்குக் கட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கரி வெளியே போனது, லாபம் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நியூயார்க்குக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் போனது. கவுண்டிக்குள் தங்கியது கூலி மட்டும்தான். கூலி நின்றதும் வேறு எதுவும் மிஞ்சாததற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே வாழ்ந்த மக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அப்பலாச்சியா என்றால் வெள்ளையர் மட்டுமே வாழும் மலை என்று நினைப்பவர்களுக்கு மெக்டவல் ஆச்சரியமாக இருக்கும். இத்தாலி, ஹங்கேரி, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். வெர்ஜீனியா, வட கரோலினா, அலபாமா பக்கமிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிகள் இன்னொரு பக்கம். 1910இல் கவுண்டியில் பத்தில் மூன்று பேர் கறுப்பினத்தவர்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைச் சட்டம் போட்டுப் பறித்த காலம் அது. மேற்கு வெர்ஜீனியாவில் அப்படிப் பறிக்கவில்லை. சுரங்கத்துக்குள் டன் கணக்கில் கூலி என்பதால் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒரே விகிதம் கிடைத்தது. பள்ளிகள் சட்டப்படி தனித்தனிதான். முகாம்களிலும் குடியிருப்பைப் பிரித்தே வைத்தார்கள். இருந்தாலும் வாக்கும் கூலியும் சேர்ந்து அவர்களுக்கு ஓர் அரசியல் பலத்தைக் கொடுத்தன. கீஸ்டோன் ஊரிலிருந்து 'மெக்டவல் டைம்ஸ்' என்ற கறுப்பினப் பத்திரிகை வெளிவந்தது. அதன் ஆசிரியர் எம். டி. விட்டிகோ தன் ஊரை "சுதந்திர மெக்டவல் நாடு" என்று பெருமையோடு எழுதினார்.

அந்தப் பலம் என்ன சாதித்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள். இரண்டுமே 1928ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்கென கிம்பால் ஊரில் அந்த ஆண்டு ஒரு நினைவுக் கட்டடம் திறந்தார்கள். நாட்டில் அப்படி எழுந்த முதல் கட்டடம் அதுதான் என்று கருதப்படுகிறது. நடுவில் தீப்பிடித்து வெறும் சுவராக நின்றதை மறுபடி கட்டி எழுப்பினார்கள். அதே ஆண்டில் கீஸ்டோனைச் சேர்ந்த மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், மறைந்த கணவரின் இடத்தில் மாநிலச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அமெரிக்காவிலேயே சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். ஒதுக்குப்புறம் என்று எல்லோரும் சொல்லும் ஒரு மலைக் கவுண்டியிலிருந்து இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

சுரங்க வேலை உயிரை விலையாகக் கேட்ட வேலை. 1940 ஜனவரி 10 அன்று பார்ட்லி சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 91 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு 1912இல் ஜெட் சுரங்கத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒற்றை ஒற்றையாகக் கூரை சரிந்து செத்தவர்களையும், கரித்தூசி படிந்து நுரையீரல் கெட்டு வீட்டில் மூச்சுத் திணறி இறந்தவர்களையும் சேர்த்தால் இந்த எண்கள் சின்னவையாகிவிடும்.

தொழிற்சங்கம் வைப்பதைக் கம்பெனிகள் ஆயுதம் ஏந்திய தனியார் துப்பறிவாளர்களை வைத்துத் தடுத்தன. 1920 மே மாதம் பக்கத்து மிங்கோ கவுண்டியின் மேட்வான் ஊரில், தொழிலாளிகளை வீட்டைவிட்டு வெளியேற்ற வந்த பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களோடு துப்பாக்கிச் சண்டை நடந்து பத்துப் பேர் இறந்தார்கள். அன்று தொழிலாளிகள் பக்கம் நின்ற காவல்துறைத் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டு அடுத்த ஆண்டு வேறொரு வழக்குக்காக வெல்ச் நீதிமன்றத்துக்கு வந்தார். 1921 ஆகஸ்ட் 1. மனைவியோடு படியேறிக்கொண்டிருந்தவரையும் அவருடைய நண்பர் எட் சேம்பர்ஸையும் அந்தத் துப்பறிவாளர்கள் படியிலேயே சுட்டுக் கொன்றார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அந்தக் கோபம்தான் அந்த மாதக் கடைசியில் லோகன் கவுண்டியின் பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளிகள் துப்பாக்கி எடுத்ததற்கு முக்கியத் தூண்டுதல். ராணுவம் வந்து அதை அடக்கியது. 1933இல் தொழிற்சங்கம் சேரும் உரிமையைத் தந்த, அதிபர் ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டம் வந்த பிறகுதான் யூனியன் இங்கே வேரூன்றியது.

சரி, மக்கள் எப்போது, ஏன் போனார்கள்? "நிலக்கரி தீர்ந்துவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1950க்கும் 1960க்கும் இடையில் மட்டும் 27,528 பேர் குறைந்தார்கள்; அப்போது கரி தாராளமாக இருந்தது. நடந்தது என்னவென்றால், வெட்டும் வேலையும் ஏற்றும் வேலையும் சேர்த்தே செய்யும் 'கண்டினியூவஸ் மைனர்' இயந்திரம் 1940களின் கடைசியில் வந்தது. பல பேர் மண்வெட்டியோடு செய்த வேலைக்குச் சிலர் போதும் என்றானது. யூனியன் தலைவர் ஜான் எல். லூயிஸ் இயந்திரமயத்தை எதிர்க்கவில்லை; அதற்கு ஈடாக நல்ல கூலியும் மருத்துவ நிதியும் ஓய்வூதியமும் கேட்டு வாங்கினார். வேலையில் தங்கியவர்களுக்கு அது நன்மை. வேலை இழந்தவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. அதே நேரத்தில் ரயில்கள் டீசலுக்கு மாறின, வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின.

முதலில் வேலை இழந்தவர்களில் கறுப்பினத் தொழிலாளிகள் அதிகம். மண்வெட்டியால் கரி ஏற்றும் வேலையில் அவர்கள்தான் கூடுதலாக இருந்தார்கள். புதிய இயந்திரங்களை ஓட்டும் வாய்ப்பு பெரும்பாலும் வெள்ளையருக்குப் போனது. குடும்பம் குடும்பமாக கிளீவ்லேண்ட், டெட்ராய்ட், கொலம்பஸ் என்று வண்டியேறினார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் உலகமே அறிந்த ஸ்டீவ் ஹார்வி 1957இல் வெல்ச்சில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர்; வளர்ந்தது கிளீவ்லேண்டில். மேலே சொன்ன எண்களுக்குள் இருக்கும் பாதை அதுதான்.

1960களில் இன்னும் 20,693 பேர் போனார்கள். 1970களில் வெறும் 767 பேர்தான் குறைந்தார்கள், ஏனென்றால் எண்ணெய் நெருக்கடி வந்து நிலக்கரி விலை ஏறியது. ஊர் நிமிர்ந்துவிடும் என்று நம்பிய காலம் அது. நார்த்ஃபோர்க் உயர்நிலைப் பள்ளி கூடைப்பந்தாட்ட அணி 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு முறை மாநிலப் பட்டம் வென்றதும் அப்போதுதான். அந்தப் பள்ளியும் பிறகு மூடப்பட்டது.

1980களில் விழுந்த அடிதான் மீள முடியாதது. அமெரிக்க எஃகுத் தொழில் சரிந்தபோது யு.எஸ். ஸ்டீல் கேரியைச் சுற்றியிருந்த தன் சுரங்கங்களை மூடியது. பத்தே ஆண்டுகளில் மக்கள்தொகை 49,899இலிருந்து 35,233 ஆனது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் போனதுதான் இதில் பெரிய இழப்பு. அவர்களோடு மருத்துவரும் கடைக்காரரும் ஆசிரியரும் போனார்கள். அதற்குப் பிறகு 2000இல் 27,329, 2010இல் 22,113.

ஏழ்மையைப் போக்க அரசு ஒன்றும் செய்யவில்லையா என்றால், முக்கியமான ஒரு திட்டம் இங்கேதான் தொடங்கியது. 1960 தேர்தலில் மேற்கு வெர்ஜீனியா முழுக்கச் சுற்றிய ஜான் கென்னடி, இங்கே கண்ட பசியை மறக்கவில்லை. அதிபரானதும், கடையில் காசுக்குப் பதிலாகக் கொடுத்து உணவு வாங்கும் உணவு முத்திரைத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்க உத்தரவிட்டார். 1961 மே 29 அன்று வெல்ச்சில், பதினைந்து பேர் கொண்ட ஒரு சுரங்கத் தொழிலாளிக் குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்புள்ள முதல் முத்திரைகளை வேளாண்மை அமைச்சரே வந்து கொடுத்தார். இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் பெறும் உணவு உதவியின் தொடக்கம் அது. பசியை அது குறைத்தது; அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிலமும் கனிமமும் யாருக்கு என்ற கணக்கை அது தொடவே இல்லை.

இன்றைய நிலைமை கடுமையானது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. பிறப்பைவிட இறப்பு அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஆய்வின்படி இங்கே ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 64 ஆண்டுகள். அதே மதிப்பீட்டில் வாஷிங்டன் நகரை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் அது 82. சில மணி நேரக் கார் பயண தூரத்தில் பதினெட்டு ஆண்டு வித்தியாசம். உடல் வலியோடு வேலை செய்தவர்கள் நிறைந்த இடத்தில் வலி மாத்திரைகளைக் கட்டுப்பாடில்லாமல் கொட்டியதன் விளைவு இந்த எண்ணில் பெரிய பங்கு வகிக்கிறது.

தண்ணீர்ப் பிரச்சினையைப் பார்த்தால் பழைய கதை இன்னும் தெளிவாகும். முகாம்களுக்குக் கம்பெனிகள் போட்ட குழாய்கள், அவை போன பிறகு பராமரிக்க ஆளில்லாமல் நின்றன. கீஸ்டோன் போன்ற ஊர்களில் ஆண்டுக்கணக்காகக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. மலையிலிருந்து வழியும் ஊற்றில் கேன் பிடித்து எடுத்துப் போகிறவர்களைச் சாலையோரத்தில் பார்க்கலாம். கழிவுநீர் நேராக ஓடைக்குப் போகும் வீடுகளும் நிறைய. உலகின் பணக்கார நாட்டில் இது நடக்கிறது.

அப்புறம் வெள்ளம். எல்லோரும் ஓடைக்கரையிலேயே வீடு கட்ட வேண்டிய நில அமைப்பு என்று சொன்னேன் அல்லவா, அதன் விலை இது. 2001 ஜூலையிலும் 2002 மே மாதத்திலும் அடுத்தடுத்து ஊர்கள் மூழ்கின. 2025 பிப்ரவரியில் மறுபடியும் பெருவெள்ளம். இந்தக் கவுண்டியில் உயிர்களும் போயின. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சில குடும்பங்கள் திரும்பி வருவதில்லை. மேட்டில் குடியேறலாமே என்று கேட்கத் தோன்றும். மேட்டு நிலத்தில் பெரும்பகுதி கம்பெனிகளின் பெயரில் இருக்கிறது.

2020 எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2010இல் வெல்ச் அருகே ஒரு மத்திய அரசுச் சிறை திறந்தது. ஊருக்குள்ளேயே இன்னொரு சிறையும் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்பு கைதிகளை அவர்கள் அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணும். ஆகவே 19,111 என்பதில் வெளியூர்க் கைதிகளும் அடக்கம். இங்கே வீடு வைத்து வாழ்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆண், பெண் விகிதத்தையும் இன விகிதத்தையும்கூட இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அரசியலைப் பற்றியும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். யூனியன் காலத்திலிருந்து வெகு காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த இடம் இது. 2008இல் ஒபாமா இங்கே வென்றார், 2012இல் தோற்றார், 2016இல் ஏறக்குறைய நான்கில் மூன்று வாக்கு டிரம்புக்கு. இதை இனவெறி என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் 2008இல் அதே மக்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இனி என்ன என்றால், எஃகுக்கான கரி இன்னும் வெட்டப்படுகிறது. அதில் ஒரு பகுதி நார்ஃபோக் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகிறது. அப்பலாச்சியக் கோக் கரியை வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. விலை ஏறினால் சில நூறு வேலைகள் வரும், இறங்கினால் போகும். ஹாட்ஃபீல்டு-மெக்காய் என்ற பெயருள்ள மலைப் பாதைகளில் நாற்சக்கர வண்டி ஓட்ட வரும் சுற்றுலாப் பயணிகளால் வார், கேரி, வெல்ச், கீஸ்டோன் பக்கம் தங்கும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் திறந்திருக்கின்றன. பழைய சுரங்க வீடுகள் சிலவற்றை வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதைகளும் பெரும்பாலும் நில நிறுவனங்களின் அனுமதியோடு, அவற்றின் நிலத்தின் மேல்தான் போகின்றன. உள்ளூர்க்காரர் ஒருவர் வெள்ளம் எட்டாத மேட்டில் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கேட்டால், இன்றும் வெளியூர்க் கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும்.